மருத்துவமனையின் வெளிச்சுவர்

கட்டடங்களுக்கும் வயதாகிறது. ஈப்போ போன்ற மழை மிகுந்த நகரில் பழைய வெளிச்சுவர் வெடிப்புவிட்டு ஈரம் கசியும். உள்ளே பூஞ்சை படரும். நோயாளிகள் தங்கும் மருத்துவமனைக்கு இது பெருங்கேடு. தோட்டப்புற மக்களும் நாடிவரும் மருத்துவமனையை மூடிவைத்துப் பழுதுபார்க்கவும் முடியாது. பகுதி பகுதியாகவே வேலை செய்ய வேண்டும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, வெடிப்புகளை அடைத்துச் சாயம் பூசுதல். செலவு குறைவு, ஆயினும், சில ஆண்டுகளில் மீண்டும் பூச நேரிடும். இரண்டாவது, சிமெண்டு நார்ப்பலகை பொருத்துதல். அது எளிதில் தீப்பற்றாது; ஆனால், கனமானது. பழைய சுவர் தாங்குமா என முதலில் ஆராய வேண்டும். மூன்றாவது, அலுமினியக் கூட்டுத் தகடு பொருத்துதல். அது இலேசானது, அழகானது. எனினும், இரு தகடுகளுக்கு நடுவே பாலித்தீன் இருந்தால் தீ மளமளவெனப் பரவும்.

லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக்கு அத்தகைய தகடுகளை 2016இல் பொருத்தி முடித்தனர். மறு ஆண்டு ஜூன் 14ஆம் நாள் மூண்ட தீ, அவற்றின் வழியே மேலேறியது. 72 பேர் மாண்டனர். நம் நாட்டிலும் 2018இல் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஊழியர் சேமநிதி வாரியக் கட்டடத்தின் வெளிச்சுவரில் தீ பரவியது.

நடமாடக்கூடியோரே தப்ப இயலாதபோது, படுக்கையில் கிடக்கும் நோயாளி என்ன செய்வார்? ஆகவே, விலையையும் அழகையும் பார்க்கும் முன்னர்த் தீப்பாதுகாப்பைப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.