சாரலும் ஆராய்ச்சியும்

குற்றாலச் சாரல் தென்காசி வரை வீசிய ஒரு மாலையில், அரசியலில் எம்.ஏ. தேறிய நம் பழைய மாணவி தகப்பனாருடன் வந்தாள். சர்வதேச உறவுகளில் ஆராய்ச்சி செய்ய அவளுக்கு ஆவல். "இன்னும் எத்தனை வருஷம் பணம் கட்டுவது?" என்பது அவர் கவலை.

கவலை நியாயமே. ஆனால் ‘நெட்’ பரீட்சையில் ஜே.ஆர்.எப். உபகாரச் சம்பளத்துக்குத் தேறுவோருக்கு, 2023 முதல், ஆரம்ப இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உண்டு. 2024 முதல் அப்பரீட்சையே பிஎச்.டி. சேர்க்கைக்கும் வழியாயிற்று. டில்லி ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையிலும் புதுச்சேரி சர்வகலாசாலையிலும் இத்துறை இருக்கிறது.

மாணவிக்கு நாம் சொன்னது வேறு: "இடத்தைத் தேடுமுன் கேள்வியைத் தேடு, அம்மா. பக்கத்துச் செங்கோட்டை 1956-ல்தான் திருவாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. எல்லைக்கோடு மாறினால் ஜனங்களின் வாழ்வு எப்படி மாறுகிறது? இதைக் கேட்கத் தெரிந்தவளுக்கு உலகத்து எல்லைகளும் விளங்கும்."

புறப்பட எடுத்த குடையைத் திரும்பக் கீழே வைத்தார் தகப்பனார். "பரீட்சை எப்பொழுது, ஸார்?" என்றார்.