பெட்ரோலில் எத்தனால் கலப்பது ஏன்?

இந்தியாவில் இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. கரும்புச்சாறு, கரும்பாலைக் கழிவுப்பாகு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்து வடிக்கும் ஆல்கஹால் இது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் சில சமயம் நுனியில் கருமை படிந்திருக்கும். முழுதாக எரியாத எரிபொருளின் மிச்சம் அது. எத்தனாலின் எடையில் சுமார் 35 சதவீதம் ஆக்சிஜன். எரியும்போது அதுவும் கைகொடுப்பதால் கரி குறைகிறது.

சிலிண்டருக்குள் தீ பரவி வருமுன்பே மிச்சக் கலவை தானாக வெடித்தால் இன்ஜின் ‘டக்டக்’ என்று தட்டும். இந்தத் தட்டலை எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுவது ஆக்டேன் எண்; எத்தனாலுக்கு அது சுமார் 108. ஆவியாகும்போது அது வெப்பத்தையும் நிறைய உறிஞ்சிக்கொள்கிறது. எனவே கலவையை அதிகமாக அழுத்தலாம். அழுத்தம் கூடினால் திறனும் கூடும்.

ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலவைக்கென வடிவமைக்கப்படாத பழைய இன்ஜினில் மைலேஜ் சற்றுக் குறையும். ரப்பர் குழாய்களும் கெடலாம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டேங்க் மூடியை இறுக மூடுங்கள், எரிபொருளை மாதக்கணக்கில் தேக்காதீர்கள், குழாய்களைச் சரிபாருங்கள்.