இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிக்கு இ-சலான்: ஃபைன் கட்டினால் போதுமா?

‘இன்ஷூரன்ஸ் இல்லை, அபராதம் 2,000 ரூபாய்’னு மெசேஜ் வந்திருக்கா? பதறாதீங்க. அதிலுள்ள லிங்க்கைத் தொடாமல், பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். போலி மெசேஜ்களும் வருகின்றன.

சலான் உண்மைதானா? அன்றைக்கு பாலிசி நடப்பில் இருந்திருந்தால், நகலை இணைத்து அந்தத் தளத்திலேயே புகார் பதிவு செய்யலாம்.

பாலிசி காலாவதி ஆகியிருந்தால் தப்ப முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 196-வது பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 4,000 ரூபாய். 3 மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. இப்போது பாலிசி எடுத்தாலும் பழைய சலான் ரத்தாகாது.

ஆனாலும் குறைந்தபட்சம் தேர்டு பார்ட்டி பாலிசியை எடுத்த பிறகே வண்டியை எடுங்கள். ஃபைன் ரசீது இன்ஷூரன்ஸ் ஆகாது. நாளைக்கு உங்கள் தவறால் யாராவது அடிபட்டால், லட்சக்கணக்கில் போகக்கூடிய இழப்பீடு உங்க பாக்கெட்டிலிருந்துதான் போகும்.