தாளடி நட்டாச்சு, சென்சார் பதிவை மாற்றினீர்களா?

குறுவை அறுத்து தாளடியும் நட்டுவிட்டீர்கள். வயலில் நிற்கும் நீர்மட்ட சென்சாருக்கு அது தெரியாது. தண்ணீர் எத்தனை செ.மீ. இருக்கிறது என்று மட்டுமே அது அளக்கும். எந்த ரகம், எப்போது விதைத்தது என்பதெல்லாம் நாம் இணையத்தில் பதிந்து வைத்ததுதான்.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறையில், குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். ஆனால் பூக்கும் சமயத்தில் காயவிடக் கூடாது. ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை 5 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். ஆடுதுறை 43-க்கு வயது 110 நாள். ஆடுதுறை 46-க்கு 135 நாள். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பு பூ என்றால், முன்னது 80-ஆம் நாளையொட்டிப் பூக்கும். பின்னது 105-ஐ ஒட்டி. ரகத்தையும் தேதியையும் வைத்துச் செய்தி அனுப்பும் அமைப்பில் குறுவைப் பதிவு அப்படியே கிடந்தால், தாளடி பூக்கும் வாரத்தில் 'இன்னும் காயட்டும்' என்றுதான் செல்போனுக்குச் செய்தி வரும். பிறகு கதிரில் பதர்தான்.

ஒரு வயல் என்றால் செல்போனிலேயே திருத்திவிடலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 200 வயல் இருந்தால், எல்லா விவரத்தையும் எக்செல் கோப்பாக இறக்கி, திருத்தி, ஒரே தடவையில் ஏற்றுவார்கள். வேலை சுலபம்தான், ஆனால் தப்பு நடந்தால் அதுவும் 200 வயலுக்கும் சேர்ந்தே நடக்கும்.

பெரும்பாலும் எக்செல்தான் வம்பு செய்யும். சர்வே எண் 12/3 என்று அடித்தால் மார்ச் 12 என்று தேதியாக்கிவிடும். 0047 என்ற சென்சார் எண்ணை 47 ஆக்கும். அப்புறம் அந்த சென்சாரை இணையத்தில் தேடினால் கிடைக்காது. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். விதைத்த தேதியை 5/10 என்று எழுதினால் அக்டோபர் 5-ஆ, மே 10-ஆ என்ற குழப்பம் வரும். 2025-10-05 என்று ஆண்டை முதலில் எழுதுவது நல்லது. ஒரு பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தவே வேண்டாம். உங்கள் ரகம் பக்கத்து வயல்காரர் பெயருக்குப் போய்விடும்.

இறக்கிய பழைய கோப்பை அழிக்காமல் தனியாக வையுங்கள். முதலில் ஐந்து வயலை மட்டும் ஏற்றிப் பாருங்கள். சரியாக இருந்தால் மற்றதை ஏற்றலாம். நீங்கள் உறுப்பினர் மட்டும்தான் என்றால், செயலியைத் திறந்து உங்கள் வயலுக்கு நேரே ஆடுதுறை 46 என்று இருக்கிறதா, தேதி சரியா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.