மலைக்கோட்டையில் விளக்கு வைக்கும் நேரம்

திருச்சியில் வழி கேட்டால் பாதிப் பேர் தெருப் பெயர் சொல்ல மாட்டார்கள். மலைக்கோட்டையைக் கைநீட்டிக் காட்டி, அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்வார்கள். பகலில் இப்படி ஊருக்கே திசை காட்டும் பாறை, பொழுது சாய்ந்து மின்னொளி பட்டதும் ஆளே மாறிவிடுகிறது. பாதி மலை இருட்டில் கரைந்துபோய், உச்சிக்கோயில் மட்டும் அந்தரத்தில் நிற்பதுபோல் இருக்கும். ஊரே அண்ணாந்து பார்க்கிற அந்த இடத்தில் நின்று ஊரைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆடிக் கடைசியில் ஒருநாள் மாலை ஆறு மணிக்கு ஏறப் போனேன்.

என்.எஸ்.பி. ரோட்டில் ஜவுளிப் பைகளுக்கு நடுவே நீந்தித்தான் அடிவாரம் சேர வேண்டும். "வெரசா ஏறுங்கண்ணே, எட்டு மணிக்கு நடை சாத்திருவாங்க" என்று பூக்காரப் பெண் அவசரப்படுத்தினார். ஒரு முழம் வாங்கிக்கொண்டேன். மாணிக்க விநாயகருக்கு ஒரு குட்டுப் போட்டுவிட்டுப் படியில் கால் வைத்தாயிற்று.

பாறையின் வயிற்றுக்குள் புகுந்து போகும் படிகள் அவை. இருபுறமும் சுவர், மேலே கூரை. காற்று வராது, முழங்கால்தான் பேசும். மொத்தம் 417 படி என்பார்கள். எண்ணிக்கொண்டே ஏறிய எவரும் ஏறியபோது வந்த கணக்கோடு இறங்கியதில்லை; நான் நூற்றுப்பத்தில் விட்டுவிட்டேன். 1849-ல் ஒரு பிள்ளையார் சதுர்த்திக் கூட்டத்தில் இந்தப் படிகளில் நெரிசல் ஏற்பட்டு ஏறத்தாழ 250 பேர் இறந்துபோனார்கள். அந்தக் குறுகலில் நிற்கும்போது அது நினைவுக்கு வராமல் இருப்பதே நல்லது.

நடுவில் தாயுமானவர் சந்நிதி. காவிரியில் வெள்ளம் வந்து கரையேற முடியாமல் நின்ற தாய்க்குப் பதிலாக, பிள்ளை பெறவிருந்த மகளுக்குச் சிவனே அம்மா உருவில் வந்து பிரசவம் பார்த்த கதை தெரிந்ததுதானே. வாழைத்தாரோடு ஒரு குடும்பம் நேர்த்திக்கடன் தீர்க்க வந்திருந்தது. தாரைத் தூக்கிவந்த தாத்தாதான் எல்லோரையும்விடத் தெம்பாக இருந்தார்.

படி வெளியே வந்து வானம் தெரிகிற இடத்துக்குப் பிறகு, உச்சிக்குச் சற்றுக் கீழே பல்லவர் குடைவரை ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் மூச்சு வாங்குகிற வேகத்தில் அதைக் கடந்துவிடுகிறார்கள். நானும் பல தடவை அப்படிக் கடந்தவன்தான். ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்தது. லலிதாங்குரன் என்ற அவன் பட்டப்பெயரால் லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று பெயர். மேற்குச் சுவரில் கங்காதரர் நிற்கிறார். சடையில் ஒரு இழையை விரித்துப் பிடித்து, இறங்கிவரும் கங்கையை வாங்குகிறார். இருபுறத் தூண்களிலும் சமஸ்கிருதக் கல்வெட்டு. அதில் இருக்கும் சங்கதி அபாரமானது. பூமியில் ஒரு கோயிலில் இருந்துகொண்டு சோழநாட்டின் வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டாராம். அதற்காகத்தான் அரசன் மேகம் தொடும் இந்த மலையில் அவரைக் குடியேற்றினானாம். இன்னொரு இடத்தில் பார்வதிக்குக் கவலை. நதி என்றால் இவருக்குப் பிரியம், காவிரியிடமும் மயங்கிவிட்டால்? அதனால் பிறந்தகத்தை விட்டு இங்கேயே வந்து தங்கி, இந்த நதி பல்லவனின் மனைவி என்று கணவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாளாம். சோழநாட்டு ஆற்றைத் தன் மனைவி என்று கல்லில் வெட்டி வைத்த பல்லவனின் குசும்பை என்ன சொல்ல! ஆனால் எனக்குப் பிடித்தது முதல் சங்கதி. ஆக, வேடிக்கை பார்ப்பதற்காகவே மலையேறியவர்களில் சிவனே நமக்கு முன்னோடி.

அவர் கேட்டது நியாயம் என்பது உச்சியில் தெரிந்துவிடுகிறது. தரையிலிருந்து 273 அடி. பிள்ளையார் மண்டபத்தைச் சுற்றிவந்தால் வடக்கே காவிரி. மேட்டூர்த் தண்ணீர் வந்திருந்ததால் கரைக்குக் கரை நிறைந்து, கடைசி வெளிச்சத்தில் ஈயம் பூசியதுபோல் கிடந்தது. அக்கரையில் தென்னைகளுக்கு மேலே ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். 236 அடி உயரம், கட்டி முடித்தது 1987-ல்தான். காற்று வேட்டியைப் பிடுங்கியது. பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன. முதலில் கடைத்தெரு, அடுத்து காவிரிப் பாலம், அப்புறம் உறையூர், தென்கிழக்கே தொலைவில் பொன்மலைப் பக்கம்.

பகலில் கண்ணில் படாத ஒன்று அப்போது பட்டது. மேற்கிலும் கிழக்கிலும் இரண்டு விளக்குக் கோடுகள் மலையை நடுவில் வைத்து ஓடுகின்றன: மேலப்புலிவார்டு ரோடு, கீழப்புலிவார்டு ரோடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்துப் போட்ட சாலைகள். மெயின்கார்டு கேட் மட்டும் மிச்சம். கோட்டை போய்விட்டது, அதன் கோடு தெருவிளக்காக எரிகிறது. 1751-ல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். உள்ளே முகமது அலியும் ஆங்கிலேயரும். மறு ஆண்டு பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கம் தீவுக்குப் பின்வாங்கி அங்கேயே சரணடைந்தது. சந்தா சாகிபின் தலை போயிற்று. அந்தத் தீவு முழுவதும் இதோ எதிரே. எதிரி எங்கே நகர்ந்தாலும் இந்த உச்சியில் நின்றவனுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வேடிக்கை: 'புலிவார்டு' என்பதில் புலியும் இல்லை, வார்டும் இல்லை. அது 'பூல்வார்' என்ற பிரெஞ்சுச் சொல். முற்றுகையில் நுழைய முடியாத பிரெஞ்சு, அகழியைத் தூர்த்த பிறகு சாலைப் பெயராக வந்து சாவகாசமாக உட்கார்ந்துவிட்டது.

மலைமேல் விளக்கு போட்டார்கள். அப்போதுதான் உறைத்தது: கீழே இருப்பவர்களுக்கு அழகு காட்டும் அந்த வெளிச்சம், மேலே நிற்பவனுக்குக் கண்கூச்சம். விளிம்புக்கு அப்பால் ஊர் மங்கிவிட்டது. பார்க்கப்படுவதும் பார்ப்பதும் ஒரே நேரத்தில் நடக்காது போலிருக்கிறது. தூணின் நிழலில் ஒதுங்கி நின்ற பிறகுதான் ஆறு மறுபடி தெரிந்தது.

இறங்கி வந்து பூக்காரப் பெண்ணிடம் செருப்பை வாங்கும்போது, லைட்டு ஜோராக இருக்கிறது என்றேன். அவருக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. "இதென்னண்ணே, தினம் எரியுது. கார்த்திகைக்கு வந்து பாருங்க" என்றார். உச்சிப்பிள்ளையார் சந்நிதிக்கு முன்னால் கொப்பரையில் எண்ணெய் ஊற்றி, கனத்த துணித்திரி போட்டுத் தீபம் ஏற்றுவார்கள். மழை சாரல் அடித்தாலும் நாள்கணக்கில் நின்று எரியும். "எங்க மாமியா மொட்டமாடியில நின்னு மேல பாத்துட்டே இருக்கும். அங்க தெரிஞ்சப்புறம்தான் எங்க வீட்ல அகல்."

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை முழுசாக வந்து நின்றது. பஸ்ஸில் நாலைந்து பேர் போனை நீட்டினார்கள், நானும்தான். என் படத்தில் விழுந்தது குலுங்கிய மஞ்சள் பொட்டு ஒன்று. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா போனை எடுக்கவில்லை. பிள்ளையாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விபீஷணனை ஏமாற்றி ரங்கநாதரை ஸ்ரீரங்கத்தில் இறக்கி வைத்துவிட்டு அந்த உச்சிக்கு ஓடிப்போனவர் அவர்தானே. உடனே அந்த அம்மா மறுபக்கம் திரும்பி ராஜகோபுரத்துக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மடியில் இருந்த கத்தரிக்காய்ப் பையைச் சரிசெய்துகொண்டார்.