ஒரு நாள் கிளாஸ்... ஆயுசுக்கும் தலைவலி! பியூட்டி பார்லரில் புது சிகிச்சை தொடங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

திருப்பூர்,

சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை பார்லர்களில் கூட்டம்தான். ஒரு காலத்தில் புருவம் எடுப்பது, முடி வெட்டுவது, கல்யாணப் பெண்ணுக்கு ஒரு பேசியல், அதோடு சரி. இப்போது சின்ன தெருவில் உள்ள பார்லரில்கூட கெரட்டின், ஸ்மூத்தனிங், கெமிக்கல் பீல், லேசர், கண் இமை ஒட்டுதல், நகம் ஒட்டுதல் என்று போர்டு தொங்குகிறது.

வாடிக்கையாளர் கேட்கிறார், பக்கத்துக் கடையில் செய்கிறார்கள், நாமும் செய்யாவிட்டால் தொழில் போய்விடும் என்ற பயம் பார்லர் நடத்தும் பெண்களுக்கு. இந்த பயத்தைத்தான் சில வியாபாரிகள் பிடித்துக் கொள்கிறார்கள். "மெஷின் வாங்குங்க மேடம், ஒரு நாள் டிரெயினிங் ப்ரீ, சர்டிபிகேட்டும் தர்றோம்" என்று வலை விரிக்கிறார்கள். மகளிர் குழுவில் கடன் வாங்கி மெஷினை இறக்கி விடுகிறார்கள். மறுநாளே போர்டு மாட்டியாகி விடும்.

ஒரு வாடிக்கையாளருக்கு முகம் வெந்து போனால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரி செலவு, போலீஸ் நிலையம், நுகர்வோர் கோர்ட்டு, தெருவெல்லாம் கெட்ட பெயர். குழுக் கடனுக்கு மட்டும் மாதா மாதம் தவணை கட்டியாக வேண்டும். பயிற்சியும் இன்சூரன்சும் பணக்கார பார்லர்களுக்கு மட்டும் உள்ள விஷயம் அல்ல. ஒரு அடியைக்கூட தாங்க முடியாத சின்ன கடைக்குத்தான் அது முதலில் வேண்டும்.

தலைமுடி டையிலேயே ஆபத்து

புது சிகிச்சை இருக்கட்டும். தினமும் போடும் ஹேர் டையிலேயே விஷயம் இருக்கிறது. கறுப்பு டை பலவற்றில் பி.பி.டி. என்ற ரசாயனம் உள்ளது. இது சிலருக்கு ஒத்துக் கொள்ளாது. தலை அரித்து, கண் இமை வீங்கி, சிலருக்கு மூச்சுத் திணறல் வரை போகும். 10 முறை போட்டு ஒன்றும் ஆகாதவருக்கு 11-வது முறை ஆகலாம்.

அதனால்தான் காதுக்குப் பின்னாலோ முழங்கை உள்பக்கத்திலோ சிறிது தடவி, 48 மணி நேரம் பார்த்த பிறகு போட வேண்டும் என்கிறார்கள் தோல் டாக்டர்கள். முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் கண் இமைக்கும் போடக்கூடாது, போட்டால் பார்வை போகலாம் என்று டை பாக்கெட்டிலேயே எச்சரிக்கை அச்சடித்திருக்கும். அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

முடி நேராகும்... கிட்னி?

முடியை நேராக்கும் சில மருந்துகளில் பார்மால்டிஹைடு இருக்கிறது அல்லது சூடு பட்டதும் அது வெளியேறுகிறது. சூடான இரும்பால் முடியை இழுக்கும்போது கண் எரிவது, தொண்டை கரகரப்பது எல்லாம் இதன் வேலை. இந்த ரசாயனம் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ம் ஆண்டிலேயே அறிவித்தது. வாடிக்கையாளர் ஒரு நாள்தான் சுவாசிக்கிறார். பார்லரில் வேலை பார்க்கும் பெண்ணோ தினமும் சுவாசிக்கிறார்.

"எங்க மருந்துல பார்மாலின் கிடையாது" என்று விற்கப்படும் சில கிரீம்களில் கிளையாக்சிலிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. இதுவும் சாதுவானது அல்ல. 2020, 2021, 2022 என 3 முறை முடியை நேராக்கிய ஒரு இளம்பெண்ணுக்கு 3 முறையும் கிட்னி பாதிக்கப்பட்டதாக பிரான்ஸ் டாக்டர்கள் 2024-ம் ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார்கள். அவருக்கு போட்ட கிரீமில் இந்த அமிலம் இருந்தது. மருந்து டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் புரிந்து கொள்வதும் பயிற்சியில் ஒரு பாடம்தான்.

பீல் போட்டால் கறுக்கும்

முகத்தின் மேல்தோலை உரிக்கும் அமிலங்களை எந்த அளவு, எத்தனை நிமிடம், எந்த தோலுக்கு என்று தெரியாமல் போட்டால் தோல் வெந்து விடும். நம் ஊர் மாநிறத் தோலுக்கு இன்னொரு சிக்கல். புண் ஆறினாலும் அந்த இடம் கறுத்து, மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளையாகப் போன பெண் கறுப்புத் திட்டோடு திரும்புவார். பீல் போட்ட பிறகு வெயிலில் அலையக் கூடாது. பஸ் ஸ்டாப்பில் நின்று வேலைக்குப் போகும் பெண்ணிடம் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டுமா, இல்லையா?

முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுபவருக்கு வாக்சிங் செய்தாலே தோல் பிய்ந்து வரும். "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்ற ஒரே ஒரு கேள்வி கேட்டால் இதை தவிர்க்கலாம்.

ஊசி பக்கம் போகாதீங்க

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு ஸ்பாவில், சொந்த ரத்தத்தை எடுத்து ஊசிகளால் முகத்தில் செலுத்தும் பேசியல் செய்து வந்தார்கள். அங்கு போன பெண்களில் 3 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது 2024-ல் வெளியான அரசு விசாரணை அறிக்கையில் தெரிய வந்தது. ஒரு முறை பயன்படுத்தி தூக்கிப்போட வேண்டியதை மறுபடி பயன்படுத்தியதுதான் வினை. லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்த குற்றத்துக்காக ஸ்பா நடத்தியவர் ஜெயிலுக்குப் போனார்.

எங்கேயோ அமெரிக்கா என்று நினைக்க வேண்டாம். 2016-ம் ஆண்டு சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சை செய்து கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் பரிதாபமாக இறந்தார். அந்த இடத்துக்கு சலூன் நடத்த மட்டுமே உரிமம் இருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், முடி நடும் சிகிச்சையை தகுதி பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், யூடியூப்பிலும் பயிற்சிப் பட்டறையிலும் பார்த்தது போதாது என்று கறாராகச் சொல்லி விட்டது. டாக்டருக்கே அந்த கதி என்றால் மற்றவர்களைப் பற்றி சொல்ல வேண்டியதில்லை.

சுருக்கமாகச் சொன்னால் ஊசி, ரத்தம், மயக்க மருந்து மூன்றும் பார்லர் வேலை இல்லை. மாநகராட்சி கொடுக்கும் தொழில் உரிமம் வைத்தியம் பார்க்கும் உரிமம் ஆகாது. சிகிச்சை அளிக்கும் இடங்கள் 1997-ம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி தனியாக பதிவு செய்ய வேண்டும்.

இலவசமாகவே படிக்கலாம்

முறையாகப் படிக்க லட்சக்கணக்கில் செலவாகும் என்பது தவறு. அரசு ஐ.டி.ஐ.களில் காஸ்மெட்டாலஜி என்ற ஓராண்டு படிப்பு உண்டு. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி மையங்களில் சுமார் ஒரு மாத அழகுக்கலை பயிற்சி இலவசம். சாப்பாடும் அவர்களே போடுகிறார்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் மூலமும் பயிற்சி நடக்கிறது.

இது அடிப்படை. இதன் மேல் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது, அந்த ஒன்றுக்கு தனியாக பயிற்சி வேண்டும். பேசியல் சர்டிபிகேட் வைத்துக் கொண்டு பீல் போட முடியாது. பயிற்சி தருபவரிடம் 3 கேள்வி கேளுங்கள். நிஜ ஆள் மேல் எத்தனை முறை செய்ய விடுவீர்கள்? தப்பாகப் போனால் என்ன முதலுதவி என்று சொல்லித் தருவீர்களா? சர்டிபிகேட்டை அரசோ திறன் கவுன்சிலோ ஏற்குமா? மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அது பயிற்சி இல்லை, மெஷின் விற்கும் வேலை.

இன்சூரன்ஸ் எது? எதற்கு?

"கடைக்கு இன்சூரன்ஸ் இருக்கே" என்பார்கள். அது பெரும்பாலும் தீ, திருட்டு, கண்ணாடி உடைவது போன்றவற்றுக்கு. பொதுப் பொறுப்பு என்ற பகுதியும் சேர்த்திருந்தால், ஈரத் தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு கிடைக்கும். ஆனால் நீங்கள் போட்ட கிரீமால் முகம் வெந்தது என்றால் பல பாலிசிகளில் அது வராது. அது தொழில் பொறுப்பு. அதற்கு தனியாக கேட்டு, எழுதி வாங்க வேண்டும்.

பாலிசி எடுக்கும் முன்பு பார்லரில் செய்யும் ஒவ்வொரு சிகிச்சையையும் பட்டியல் போட்டு கொடுங்கள். எது சேரும், எது சேராது என்று எழுத்தில் கேளுங்கள். ஏஜெண்ட் வாயால் சொன்னது கணக்கில் வராது. புதிதாக ஒன்று ஆரம்பித்தால் போர்டு மாட்டுவதற்கு முன்பு கம்பெனிக்கு தெரிவியுங்கள். விண்ணப்பத்தில் மறைத்தாலோ, பயிற்சி இல்லாதவர் செய்திருந்தாலோ, கட்டிய பிரீமியம் தண்ணீரில் போட்ட மாதிரிதான். முதலில் பயிற்சி, பிறகு இன்சூரன்ஸ், கடைசியில்தான் போர்டு.

பாலிசி பணத்தைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. கவனக்குறைவால் உயிர் போனால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. எந்த கம்பெனியும் உங்களுக்கு பதில் ஜெயிலுக்கு வராது.

வேலை பார்க்கும் பெண்களையும் மறக்கக் கூடாது. 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. வரும். சின்ன கடை என்றால் வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடாவது போட்டு வைக்கலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

ஒரு நோட்டு போதும்

வாடிக்கையாளர் பெயர், அலர்ஜி உண்டா, கர்ப்பமா, சர்க்கரை வியாதியா, என்ன மாத்திரை, எந்த மருந்து போட்டோம், சோதனை செய்த தேதி எது என்று எழுதி கையெழுத்து வாங்க ஒரு 40 பக்க நோட்டு போதும். நாளை பிரச்சினை என்றால் இந்த நோட்டுதான் சாட்சி. தப்பு நடந்து விட்டால் மறைக்கக் கூடாது. உடனே தண்ணீரில் நன்றாக கழுவி, டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

போகிறவர்களும் கேட்கலாம்

பார்லருக்குப் போகும் பெண்களும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். "இத எங்கக்கா படிச்சீங்க? இதுவரைக்கும் எத்தன பேருக்கு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டால் நல்ல பார்லர்காரர் கோபப்பட மாட்டார். பிளேடு புதுசா என்று பாருங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் புதிதாக எதையும் முகத்தில் போடாதீர்கள். பில் வாங்குங்கள், சிகிச்சைக்கு முன்பும் பின்பும் போட்டோ எடுத்து வையுங்கள்.

இந்த பில்லும் போட்டோவும் ஏன் முக்கியம்? டெல்லியில் ஒரு ஓட்டல் சலூனில் முடியை தப்பாக வெட்டியதற்கு தேசிய நுகர்வோர் ஆணையம் 2021-ம் ஆண்டு 2 கோடி ரூபாய் நஷ்டஈடு வழங்கச் சொன்னது. 2023 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை. நஷ்டத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு வழக்கை திருப்பி அனுப்பியது.

பாதிக்கப்பட்டவர்கள் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இன்சூரன்ஸ் கம்பெனி இழுத்தடித்தால் 155255 என்ற எண்ணில் பார்லர் நடத்துபவர்கள் புகார் செய்யலாம்.