கரும்பின் உணவும் சாகுபடி முறையும்

1842ஆம் ஆண்டிலேயே சர்க்கரை ஆலை அமையப்பெற்ற ஊர் நெல்லிக்குப்பம். கெடிலத்திற்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட இப்பகுதிக் குடியானவர்களுக்குக் கரும்பு பயிரிட நாம் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும், முதற்பயிர் நன்கு விளைந்த வயலில் மறுதாம்பு ஏன் மெலிகிறது என்று பலரும் நம்மை வினவுகின்றனர். விடையின் பெரும்பகுதி, பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் உணவின் கணக்கில் அடங்கியுள்ளது.

ஏக்கருக்கு 40 டன் விளையும் கரும்பு ஏறத்தாழ 83 கிலோ தழைச்சத்தும், 21 கிலோ மணிச்சத்தும், 112 கிலோ சாம்பல் சத்தும் எடுத்துக்கொள்கிறது. இவற்றுள் சாம்பல் சத்தே மிகுதி என்பது கவனிக்கத்தக்கது. இலையில் உண்டாகும் சர்க்கரையைத் தண்டில் கொண்டு சேர்ப்பதில் அதற்குப் பெரும் பங்குண்டு. யூரியாவை மட்டும் மூட்டை மூட்டையாக இடுவோர் வயலில் பசுமையைக் காண்பர். சாற்றில் இனிப்பைக் காணார்.

இட்ட உரம் முழுவதும் பயிரைச் சேர்வதில்லை. ஒரு பகுதி நீரோடு கீழிறங்கும்; ஒரு பகுதி காற்றில் கலக்கும். ஆகவே மணிச்சத்தை நடவின்போதே சாலில் அடியுரமாக இடுதல் வேண்டும். தழை, சாம்பல் சத்துக்களை 30, 60, 90ஆம் நாட்களில் மூன்று சம பங்காகப் பிரித்து இட்டு, மண்ணால் மூடுதல் நலம். காலங்கடந்து இடும் தழைச்சத்து கரும்பின் முதிர்ச்சியைத் தாமதப்படுத்தும்.

நடவு முறையும் முக்கியமானது. நெருக்கமான பார்களில் ஏக்கருக்கு 30,000 இருபருக் கரணைகள் நடுவது பழைய வழக்கம். ஒரு பரு நாற்றுக்களை ஐந்தடி வரிசையில் நடுவதற்கு 5,000 நாற்றுக்களே போதும். ஒவ்வொரு தூருக்கும் வெளிச்சமும், வேர் பரவ இடமும் கிடைக்கின்றன. சொட்டுநீரோடு உரத்தைக் கரைத்து விட்டால், அது சிறுகச் சிறுக வேரடியிலேயே சேரும். கோ 86032 போன்ற சிறந்த இரகமும் முறையான சாகுபடி இன்றி முழுப் பலன் தராது.

இனி மறுதாம்புக்கு வருவோம். அறுவடைக்குப்பின் வயலில் ஏக்கருக்கு மூன்று, நான்கு டன் சோகை எஞ்சுகிறது. அதற்குத் தீயிட்டால் தழைச்சத்தும் கந்தகமும் புகையாகப் போய்விடும். எஞ்சிய சாம்பலையும் காற்று வாரிச் செல்லும். மாறாக, ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையைப் பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும், மட்கி உரமாகும். ஆனால் சோகையை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் முதலில் மண்ணின் தழைச்சத்தையே உண்ணும். இதனை ஈடு செய்ய, வழக்கமான தழைச்சத்து அளவில் கால் பங்கினைக் கூடுதலாக, கட்டை சீவிய ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் இடவேண்டும்.

மண்ணைப் பரிசோதித்து அளவறிந்து உரமிடுவீர். நிலத்திலிருந்து பெற்றதில் ஒரு பங்கை நிலத்திற்கே திருப்பித் தருவோர்க்கு மறுதாம்பும் மகசூல் தரும்.